பெரிய வீட்டுத் துப்பாக்கியும் சிப்பாய் வீடும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



என்னை இங்கே வரலாறு பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கீங்க. நான் வரலாறு படிச்சவன் இல்லை. ஐ.டி.ஐ. முடிச்சிட்டு, துப்பாக்கி செய்கிற ஒரு சர்க்கார் ஆலையில் 30 வருஷத்துக்கு மேல் ஃபிட்டரா இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிஞ்சது இரும்பு. அதனால ஒரு இரும்பைப் பற்றித்தான் பேசப் போறேன். அந்த இரும்பைப் பிடிச்சுக்கிட்டே போனா அது ஒரு மனுசனிடம் கொண்டுபோய் விடுது. அந்த மனுசன் நம்ம ஆள்.

சில வருஷத்துக்கு முந்தி, கூட வேலை பார்த்த நண்பர் ஒருத்தர் வந்தார். வடமாவட்டத்தில் அவருக்குத் தெரிஞ்ச பெரிய குடும்பம். வீட்டுச் சுவரில் ஒரு பழைய துப்பாக்கி மாட்டியிருக்கு, துரு எடுத்துச் சுத்தம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கணுமாம், வர முடியுமா என்று கேட்டார். போனேன். பழைய தொட்டிக்கட்டு வீடு. கூடத்தில் மான்கொம்பு, முன்னோர்கள் படம், அதுக்குக் கீழே துப்பாக்கி. வீட்டுக்காரர் மரியாதையாத்தான் பேசினார். "சார், எங்க கொள்ளுத் தாத்தா வெள்ளைக்காரன் காலத்துல யுத்தத்துக்குப் போனப்ப வச்சிருந்தது. பேரப்பிள்ளைங்க பார்க்கணும். ஒரு அட்டையில விவரமும் எழுதி வைக்கணும்" என்றார்.

காபி வந்தது. கண்ணாடி டம்ளர்லயா எவர்சில்வர்லயான்னு நான் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீங்க. எவர்சில்வர்தான். இன்னும் கேட்கலை போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டு வேலையில் இறங்கினேன்.

பழைய துப்பாக்கியைக் கையில் எடுத்தா முதல்ல மருந்து கெட்டியிருக்கான்னு பார்க்கணும். இது வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அடியில் செருகியிருக்கிற இடிகம்பியை உருவிக் குழலுக்குள் விட்டு, எவ்வளவு ஆழம் போகுதுன்னு விரலால் அடையாளம் வச்சுக்கிட்டு, வெளியே குழல் மேல் வச்சு ஒத்துப் பார்க்கணும். பார்த்தேன், காலி. அப்புறம் லாக் மேல் இருந்த துருவை எண்ணெய் போட்டு மெதுவா எடுத்தேன். கிரீடம் தெரிஞ்சது. முன்பக்கம் 'டவர்', '1859'. லண்டன் டவர் ஆயுதசாலையின் அடையாளம். பார்வைக்கு எல்லாமே என்ஃபீல்ட் துப்பாக்கி மாதிரி இருந்தது.

என்ஃபீல்டுன்னா பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருமே, 1857-ல் பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு தடவின தோட்டான்னு கலகம் கிளம்பிச்சே, அந்தத் துப்பாக்கி. 1853 மாடல். அதோட விசேஷம் குழலுக்குள்ள இருக்கு. உள்சுவரில் மூணு காடி, புரி மாதிரி முறுக்கி வெட்டியிருப்பாங்க. அதுக்கு ரைஃப்லிங்னு பேரு. குண்டு அந்தப் புரியில் சுழன்றுக்கிட்டே வெளியே வரும். சுழல்றதால நேராப் போகும். புரி இல்லாத பழைய மஸ்கட்டில் 100 கஜம் தாண்டினா குறி நிச்சயமில்லை. என்ஃபீல்டில் 300 கஜத்திலும் ஆளை அடிக்கலாம். தூரத்துக்குத் தக்கபடி ஏத்தி இறக்கிக்கிற ஏணி மாதிரியான பின்குறியும் அதில் இருக்கும்.

நான் டார்ச் அடிச்சு உள்ளே பார்த்தேன். புரி இல்லை. தேய்ஞ்சு போச்சோன்னு நினைச்சு வெர்னியர் வச்சு வாயை அளந்தேன். என்ஃபீல்டின் துளை 0.577 அங்குலம். இது 0.65 அங்குலத்துக்கு வருது. தேய்மானம் இவ்வளவு போகாது. பின்குறியைப் பார்த்தேன். ஏணி கிடையாது, அசையாத ஒரே துண்டு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. இது வெள்ளைச் சோல்ஜருக்குச் செஞ்ச துப்பாக்கி இல்லை. சிப்பாய்க்குன்னே செஞ்ச 1858 மாடல்.

தோழர்களே, இதைக் கொஞ்சம் கவனிங்க. 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரன் ஒரு முடிவுக்கு வந்தான். இந்தியச் சிப்பாய் கையில் இனி நம்ம கையில் இருக்கிற அளவுக்கு நல்ல ஆயுதம் இருக்கக் கூடாது. ராணுவத்தைத் திருத்தி அமைக்கப் பீல் கமிஷன் போட்டான். வங்காளத்தில் இரண்டு இந்தியருக்கு ஒரு வெள்ளையன், சென்னையிலும் பம்பாயிலும் மூணு பேருக்கு ஒருத்தன் இருக்கணும்னு 1859-ல் கணக்குச் சொன்னாங்க. பீரங்கிப் படையைப் பெரும்பாலும் வெள்ளையர் கையில் வச்சுக்கிட்டான். துப்பாக்கி விஷயத்தில், வெளித்தோற்றத்தில் என்ஃபீல்டு மாதிரியே இருந்து உள்ளே புரி இல்லாத, துளை பெருத்த ஒரு மாடலைச் செஞ்சு சிப்பாய்க்குக் கொடுத்தான். அணிவகுப்பில் நிக்கும்போது ரெண்டும் ஒண்ணாத் தெரியும். சுடும்போதுதான் வித்தியாசம். 1870-களில் சிப்பாய்க்கு ஸ்னைடர் வந்தப்போ வெள்ளையன் மார்ட்டினி-ஹென்றிக்குப் போயிட்டான். எப்பவும் ஒரு தலைமுறை பின்னாலேயே வச்சிருந்தான்.

நான் ஆலையில் புரி வெட்டுற மெஷின் பக்கத்தில் பல வருஷம் நின்னவன். புரி சரியா விழலைன்னா அந்தக் குழலைக் கழிச்சுடுவோம். வேணும்னே புரி வெட்டாம, அதையே மாடலா வச்சு ஆயிரக்கணக்கில் செஞ்சிருக்கான்னு நினைச்சப்போ எனக்கு நம்ம பள்ளிக்கூடம், நம்ம காலனி வீடு, நம்ம சுடுகாட்டுப் பாதை எல்லாம் ஞாபகம் வந்தது. எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரியே நமக்கும் கொடுப்பாங்க. உள்ளே ஒண்ணைக் கழிச்சிருப்பாங்க.

அடுத்து கட்டையின் பின்பக்கம், தோளில் வைக்கிற இடத்துப் பித்தளைத் தகடு. அதில் ரெஜிமெண்டின் எண், கம்பெனியின் எழுத்து, துப்பாக்கியின் வரிசை எண், மூணும் குத்தியிருந்தது. பட்டாளத்துத் துப்பாக்கிக்கு இப்படித்தான் அடையாளம் குத்துவாங்க. தன் பேருக்குக் கொடுத்த எண்ணுக்கு அந்தச் சிப்பாய் பொறுப்பு. தொலைச்சா சம்பளத்தில் பிடிப்பு. காவலுக்கு எடுத்து, வந்து அதே இடத்தில் வைக்கணும். ஓய்வு பெறும்போது ஒப்படைக்கணும். அது சர்க்கார் சொத்து.

இதை வீட்டுக்காரர்கிட்ட மெதுவாச் சொன்னேன். "ஐயா, இது சிப்பாய் வச்சிருந்த துப்பாக்கி. அதிகாரி வச்சிருந்தது இல்லை. காலாட்படையில சாதாரணச் சிப்பாய். உங்க தாத்தா சிப்பாயா இருந்தாரா?" அவர் முகம் மாறிச்சு. "சிப்பாயா? அவர் மணியக்காரர் ஆச்சே" என்றார். அவர் வாயிலிருந்தே வந்துடுச்சு. கிராம முன்சீப் எப்படி அதே காலத்தில் மாசம் 7 ரூபாய் சம்பளத்துக்குப் பட்டாளத்தில் நின்னிருப்பார்? கொஞ்ச நேரம் கழிச்சு அவர் கேட்டார்: "ஆமா, சாருக்கு எந்த ஊரு? ஊர்லயே எந்தப் பக்கம்?" சொன்னேன். ரெண்டாவது காபி வரலை.

சுத்தம் செஞ்சு கொடுத்துட்டு வெளியே வந்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஊருக்குக் கிழக்கே சேரி. நமக்கு எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு திண்ணை உண்டு. டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். "இந்த ஊர்ல யாராச்சும் அந்தக் காலத்துல பட்டாளத்துக்குப் போனவங்க உண்டா?" உடனே ஒரு பையன் சொன்னான்: "சிப்பாய் வூட்டக் கேக்கறீங்களா?"

சிப்பாய் வீடு. ஓட்டு வீடுகூட இல்லை, தொகுப்பு வீடு. அந்த வீட்டில் இப்ப யாரும் சிப்பாய் இல்லை. ஆனா பேர் அப்படியே நிக்குது. 80 வயசைத் தாண்டின ஆயா ஒருத்தர் வெளியே உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் என் மூஞ்சியையே பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "எங்க மாமனாருக்குத் தாத்தா, கண்ணு. பர்மாவோ எங்கியோ கப்பல்ல போய் வந்தவரு. பென்சன் வாங்கிக்கினு ஊருக்கு வந்தாரு. கூடவே ஒரு துப்பாக்கியும் ஏலத்துல எடுத்துக்கினு வந்தாராம். கொல்லையில பன்னி வரும்னு. பின்னால ஏதோ சட்டம் வந்துச்சுன்னு சொல்லி மணியக்காரரு வாங்கி வச்சுக்கினாரு. பெரிய வூட்ல மாட்டிக்கினு கெடக்குதே, அதான்."

நான் அந்த வீட்டிலிருந்துதான் வரேன்னு அவங்களுக்குச் சொல்லவே இல்லை. அவங்களாச் சொன்னாங்க.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு தகரக் குழாயை எடுத்து வரச் சொன்னாங்க. உள்ளே சுருட்டி வச்ச ஒரு காகிதம். மடிப்பெல்லாம் கிழிஞ்சு, பழுப்பேறிப் போன பட்டாள விடுவிப்புச் சான்று. இங்கிலீஷில் பேனாவால எழுதினது. பெயர், தகப்பன் பெயர், ஊர், உயரம், சேர்ந்த வருஷம், விட்ட வருஷம், நடத்தை 'நன்று'. சாதி என்ற இடத்தில் பறையர்னு எழுதியிருந்தது. 1850-களில் சேர்ந்து 1870-களில் பென்சனில் வந்திருக்கார். சட்டைப் பையில் இருந்த துண்டுச் சீட்டை எடுத்தேன். பித்தளைத் தகட்டில் பார்த்ததை எழுதி வச்சிருந்தேன். ரெஜிமெண்ட் எண் ஒண்ணு. கம்பெனி எழுத்தும் ஒண்ணு.

வரிசை எண் மட்டும் காகிதத்தில் இல்லை. அதனால நான் நியாயமா என்ன சொல்லலாம்? அந்தத் துப்பாக்கி அவர் இருந்த கம்பெனியுடையது. அதே காலத்துடையது. அவர் வீட்டு ஜனம் தலைமுறை தலைமுறையா அது எங்களுதுன்னு சொல்றாங்க. மணியக்காரர் வீட்டுக் கதை நிக்கலை, அவர் பேரனே அதை உடைச்சுட்டார். இவ்வளவும் சேர்த்தா என் மனசுக்குப் போதும். கோர்ட்டுக்குப் போதுமான்னு கேட்டா, வாய்ச் சொல்லைக் கோர்ட்டு என்னைக்கு நமக்காக ஏத்துக்கிச்சு?

இனி அந்த மனுசனைப் பற்றி யோசிப்போம். ஏன் பட்டாளத்துக்குப் போனார்? யாருக்காகச் சுட்டார்? இதை நேர்மையாப் பேசணும்.

கம்பெனிக்காரன் காலத்துச் சென்னைப் படையில் நம்ம ஜனங்க ஆரம்பம் முதலே இருந்தாங்க. 1780-ல் தொடங்கின சென்னைப் பயனீர் படைதான் பின்னால் மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆச்சு. பாலம் கட்ட, சுரங்கம் வெட்ட, வெடி வைக்க. அதில் பறையர்கள் நிறைய. கப்பல் ஏறிப் போகிற யுத்தங்களுக்குச் சென்னைப் படையைத்தான் அனுப்பினான். ஏன்னா வங்காளப் படையில் இருந்த உயர்சாதிச் சிப்பாய்க்குக் கடல் தாண்டினா சாதி போயிடும். 1824-ல் பர்மா யுத்தத்துக்குக் கிளம்பச் சொன்னப்போ பாரக்பூரில் 47-ஆம் வங்காளக் காலாட்படை மறுத்தது. சாதி போயிடுமேங்கிற பயமும் அதுக்கு ஒரு காரணம். சென்னையிலிருந்து போன ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் பர்மாவில் காய்ச்சலிலும் குண்டிலும் செத்தாங்க.

அது யாருடைய யுத்தம்? வெள்ளைக்காரனுடைய கொள்ளை யுத்தம். பர்மாக்காரனும் சீனாக்காரனும் நமக்கு என்ன பாவம் செஞ்சான்? இதை மறைச்சு 'வீரப் பரம்பரை'ன்னு மீசை முறுக்குறதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனா பண்ணையில் படியாளா இருந்தவனைப் பார்த்து 'நீ ஏன்டா வெள்ளைக்காரன்கிட்ட போனே'ன்னு கேட்கிற யோக்கியதை பண்ணைக்காரனுக்குக் கிடையாது. ஊரில் படி நெல்லு கூலி, சாணிப்பால், சவுக்கடி. அங்கே மாசம் 7 ரூபாய் கையில் காசு, காலில் பூட்ஸ், உடம்பில் சட்டை, பேரைச் சொல்லிக் கூப்பிடுற வருகைப் பதிவேடு, கடைசியில் பென்சன். நம்மாளு சுதேசியத்தைக் காட்டிக்கொடுத்துட்டுப் போகலை. சேரியை விட்டு வெளியேறிப் போனான்.

போனதால் என்ன வந்ததுங்கிறதுக்குப் பெரிய சாட்சி அண்ணல் அம்பேத்கர். 1891-ல் அவர் பிறந்ததே மௌ ராணுவக் குடியிருப்பில். தாத்தா மாலோஜி சக்பாலும் பட்டாளத்துக்காரர். அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார், பட்டாளப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். ஊர்ப் பள்ளிக்கூடம் கதவைச் சாத்தின காலத்தில் பட்டாளப் பள்ளிக்கூடம் எழுத்தைக் கொடுத்தது. பூனா பக்கம் பீமா கோரேகாவில் 1818 ஜனவரி 1-ஆம் தேதி பேஷ்வா படையோடு நடந்த சண்டையில் செத்த சிப்பாய்களின் பெயரைத் தூணில் வெட்டி வச்சிருக்காங்க. 'நாக்' என்று முடிகிற மகர் பெயர்கள் அதில் 20-க்கு மேல் இருக்கு. அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று அங்கே போனார். அதுக்குப் பிறகு அது லட்சக்கணக்கானவர் கூடுகிற இடமாச்சு. 2018-ல் அப்படிக் கூடினவங்க மேல தாக்குதல் நடந்தது உங்களுக்குத் தெரியும். 200 வருஷத்துக்கு முந்தின ஒரு கல்லில் இருக்கிற பெயர் இன்னைக்கும் சிலருக்கு உறுத்துது.

அந்தக் கதவையும் வெள்ளைக்காரன் சாத்தினான். 1857 முடிஞ்சு, ஜெயிக்க வேண்டிய ஊரெல்லாம் ஜெயிச்சு முடிச்ச பிறகு, 'போர்க்குணமுள்ள சாதி', 'போர்க்குணமில்லாத சாதி'ன்னு பிரிச்சான். சென்னைப் படையின் தளபதியா இருந்து, 1885 முதல் 1893 வரை இந்தியப் படைக்கே தளபதியா இருந்த ராபர்ட்ஸ் இதுக்குப் பெரிய ஆதரவாளர். தெற்கத்தி ரெஜிமெண்டுகளைக் கலைச்சாங்க, சிலதைப் பஞ்சாபிகளை வச்சு நிரப்பினாங்க. 1890-களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினாங்க. அம்பேத்கர் அப்போ கைக்குழந்தை. தீண்டப்படாதாரை வச்சு நாட்டைப் பிடிச்சவன் பிடிச்சு முடிச்சதும் அவங்களுக்கே கதவைச் சாத்தினான்னு பின்னால அவர் எழுதினார். வெள்ளைக்காரனுக்கு அந்தப் பட்டியலை எடுத்துக் கொடுத்தது மனு.

ஆயா சொன்ன 'ஏதோ சட்டம்' என்னன்னு நீங்க கேட்கலாம். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். அதன்படி இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வச்சிருக்கக் கூடாது. வெள்ளையருக்கு விலக்கு உண்டு. சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. ஊரில் அதை அமல் பண்ணினது யார்? மணியக்காரர். அவர் சேரிக்காரனிடம் இருந்து வாங்கினார், தன் வீட்டுச் சுவரில் மாட்டினார். மூணு தலைமுறை கழிச்சு அது 'எங்க தாத்தா யுத்தத்துக்குப் போன துப்பாக்கி' ஆயிடுச்சு. பொருளைப் பறிச்சவன் கதையையும் சேர்த்துப் பறிச்சுக்கிறான்.

இது நம்ம ஊரில் மட்டும் நடந்ததா? அமெரிக்காவில் 1861-65 உள்நாட்டுப் போரில் சுமார் 1,79,000 கறுப்பர்கள் வடக்குப் படையில் சேர்ந்தாங்க. வெள்ளைச் சோல்ஜருக்கு மாசம் 13 டாலர், கறுப்பனுக்கு 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடிப்பு. 1864-ல் போராடித்தான் சமமாக்கினாங்க. போர் முடிஞ்சப்போ சிப்பாய்கள் தங்கள் மஸ்கட்டை 6 டாலர் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம்னு 1865-ல் உத்தரவு. கறுப்பர்களும் வாங்கினாங்க. அதே வருஷக் கடைசியில் மிசிசிபி மாநிலம் சட்டம் போட்டது: ராணுவத்தில் இல்லாத, லைசென்ஸ் வாங்காத விடுதலையான கறுப்பன் துப்பாக்கி வச்சிருக்கக் கூடாது. அடிமைத்தனத்தை ஒழிக்கச் சுமந்த துப்பாக்கியை, அடிமை வச்சிருந்தவனே வந்து பிடுங்கினான். ஆயா சொன்னப்போ எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. கடல் ரெண்டு பக்கமும் ஒரே மணியக்காரர்.

துப்பாக்கி கைமாறினதின் பலனை நாம் அனுபவிச்சிருக்கோம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. மிராசுதாரின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தாங்க. சுட்டாங்க. தப்பி ஓடினவங்க ஒரு குடிசைக்குள்ள ஒளிஞ்சாங்க. 44 பேரை வச்சுக் கொளுத்தினாங்க. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-ன் மூணாவது விதியை எடுத்துப் படிங்க. வன்கொடுமை நடக்கக் கூடிய பகுதிகளில் தலித் அல்லாதாரின் ஆயுத லைசென்சை ரத்து செய்யணும், தேவைப்பட்டா தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் பாதுகாப்புக்கு லைசென்ஸ் கொடுக்கணும்னு இருக்கு. சட்டப் புத்தகத்திலேயே இருக்கு. உங்க மாவட்டத்தில் இந்த விதியின் கீழ் எத்தனை லைசென்ஸ் ரத்தாச்சுன்னு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்க. அது இன்னைக்கு நீங்க செய்யக் கூடிய வேலை. நான் யாரையும் துப்பாக்கி தூக்கச் சொல்லலை. வாழ்நாள் பூரா செஞ்சவன், அதோட கனம் எனக்குத் தெரியும். அவன் கையில் இருக்கலாம், உன் கையில் இருக்கக் கூடாதுன்னு எழுதாத ஒரு சட்டம் ஊருக்குள்ள இருக்கே, அதைத்தான் கேள்வி கேட்கச் சொல்றேன்.

இன்னொரு வேலையும் இருக்கு. 'சிப்பாய் வீடு', 'அவில்தார் வீடு', 'ரங்கோன்காரர் வீடு'ன்னு நம்ம சேரிகளில் வீட்டுப் பேர் இருக்கும். யார் அந்தச் சிப்பாய்னு யாரும் கேட்டதில்லை. தகரப் பெட்டியில், பரண் மேல, சாமி படத்துக்குப் பின்னால காகிதம் இருக்கும். பாட்டிமார்கள் உயிரோட இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேளுங்க. எழுதி வையுங்க. படம் எடுத்து வையுங்க. வெள்ளைக்காரன் அந்தத் துப்பாக்கிக்கு ஒரு எண் குத்தி வச்சான், அது 150 வருஷம் கழிச்சும் அழியலை. அதைச் சுமந்தவன் பேர் ஒரு கிழிஞ்ச காகிதத்தில் மட்டும் இருக்கு. அடுத்த மழைக்கு அது தாங்குமான்னு தெரியாது.

அந்தச் சிப்பாயின் பேரை நான் இவ்வளவு நேரம் சொல்லலை. கவனிச்சிருப்பீங்க. ஊர்ப் பேரும் சொல்லலை, ரெஜிமெண்ட் எண்ணும் சொல்லலை. ஆயா கேட்டுக்கிட்டாங்க. "பேர வெளியில சொல்லிடாத கண்ணு. எம் பேரன் அவுங்க டிராக்டர்தான் ஓட்டறான்" என்றாங்க. பர்மா யுத்தத்தில் பயப்படாத ஒரு மனுசனின் பேரைச் சொல்ல, அவர் வீட்டு ஜனம் இன்னைக்கும் பயப்படுற நிலைமையில் நாம் வச்சிருக்கோம். அந்தப் பயம் போகிற வரைக்கும் இந்தப் பேச்சு முடியாது.

கிளம்பும்போது ஆயா நிறுத்தினாங்க. "அந்தத் தகட்டுல இன்னா நம்பர் போட்டுக்குதுன்னு சொன்னியே, அத எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. கொள்ளுப்பேத்தி ஒருத்தி, ஆறாவது படிக்கிறவ, என் பேனாவை வாங்கி, என் சீட்டைப் பார்த்து, ஒரு தாளில் எழுதினா. ஆயா அதை அந்தக் காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டித் தகரக் குழாய்க்குள்ள போட்டு மூடினாங்க.

பெரிய வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் அட்டை வச்சாங்களா, என்ன எழுதினாங்கன்னு நான் போய்ப் பார்க்கலை. சிப்பாய் வீட்டில் எழுதி வச்சாச்சு.

ஜெய் பீம்.